இரவல் தூக்கம்

சங்ககிரியில் நட்ட நடுப்பகலில் ஒரு பொம்பளை காலை நீட்டிப் படுத்துத் தூங்கினால் முன்பெல்லாம் தெருவே பேசும். இப்போது தெருவே வாயை மூடிக்கொள்கிறது. வாசல் கேட்டில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறையும். லாரியில் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் கட்டுகிற அதே துணிதான். உள்ளே தூங்குகிறவள் மகாராஷ்டிரத்தில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு லாரிக்காகத் தூங்குகிறாள் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

எல்லாம் பட்டை செய்த வேலை. நெற்றியில் கட்டிக்கொள்கிற ரப்பர் பட்டை, இரண்டு விரல் அகலம். ஒன்றை மனைவி கட்டிக்கொண்டு வீட்டில் தூங்குவாள். இன்னொன்றைக் கட்டிக்கொண்டு கணவன் ஸ்டீயரிங்கில் இருப்பான். அவள் தூங்கத் தூங்க இவன் களைப்பு தீரும். எழுந்திருக்கும்போது அவளுக்கு மட்டும் தூங்கின மாதிரியே இருக்காது. அது ஒன்றுதான் குறை, அதுவும் பழகிப்போகும் என்று விற்க வந்தவர்கள் சொன்னார்கள். விற்க வந்தவர்கள் எல்லோரும் நன்றாகத் தூங்கி எழுந்தவர்கள்.

நல்லசிவம் எட்டு வருஷமாகப் பட்டை கட்டி ஓட்டுகிறவன். இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரை போவான், திரும்பும்போது வெங்காயமோ ஆரஞ்சோ வரும். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் இல்லை. போன தையில் லாரிச் சங்கம் அவனுக்கு விழா எடுத்துப் பொன்னாடை போர்த்தியது. அவன் மேடையில் நின்றபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி வசந்தாமணி வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். கூட்டம் சிரித்தது. நல்லசிவமும் சிரித்தான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் அவனுக்கு உடம்பு கூசுகிறது.

சம்பவம் நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஆதிலாபாத் மலைப்பாதை முடிகிற வரைக்கும் வசந்தாமணி அவனுக்காகத் தூங்கினாள். எழுந்த கையோடு அடுப்பைப் பற்றவைத்தாள். தாளிக்க எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது நின்றவாக்கிலேயே கண் சொருகிவிட்டது. நைட்டிக்கு மேல் போட்டிருந்த துண்டில் தீப்பிடித்து, இடது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது.

போன் வந்தபோது நல்லசிவம் பாட்டுக் கேட்டுக்கொண்டு, கூடவே முணுமுணுத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டியை வழியில் வேறொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு, கிடைத்த கார், கிடைத்த பஸ் என்று மாறி மாறி வந்தான். வழியெல்லாம் கண்ணை மூடவில்லை. ஆனாலும் களைப்பு வரவில்லை. காலையில் அவள் கொடுத்த தூக்கம் உள்ளே மிச்சமிருந்தது. எரிந்துகிடக்கிறவளைப் பார்க்க அவள் தூக்கத்திலேயே வந்துகொண்டிருக்கிறோம் என்பது சேலத்தை நெருங்கும்போதுதான் உறைத்தது. திருட்டுப் பொருளோடு பிடிபட்டவன்போல ஆஸ்பத்திரிப் படியில் நின்றான்.

தீக்காய வார்டில் டாக்டர் பர்வீன் அவனைத் தனியே அழைத்து உட்காரவைத்தார். நாற்பது வயதிருக்கும். குரல் உயராது, ஆனால் விடமாட்டார்.

"அன்னைக்கு உங்களுக்காகத் தூங்கி எழுந்தப்புறம், தனக்குன்னு எப்ப தூங்குறதா இருந்தாங்க?"

"மத்தியானம் சித்தெ நேரம் படுப்பாளுங்க."

"மத்தியானம் அவங்க சமைச்சுட்டு இருந்தாங்க."

"அப்ப ராத்திரிக்குங்க."

"ராத்திரி நீங்க வண்டி ஓட்டல?"

நல்லசிவம் ராத்திரியும் ஓட்டுவான். மலைப்பாதை, மூடுபனி என்றால் ராத்திரியும் போன் பண்ணிச் சொல்லுவான். அவள் படுப்பாள்.

டாக்டர் கண்ணாடித் தடுப்பு வழியாக வார்டைக் காட்டினார். "அந்தக் கட்டில்ல இருக்கிறவங்களுக்கு ஊரு பரமத்தி. பக்கத்துல திருச்செங்கோடு. மொபெட்ல போகும்போது கண்ணசந்து வாய்க்கால்ல விழுந்தவங்க எலும்பு வார்டுல இருக்காங்க. எல்லாருமே லாரிக்காரர் வீட்டுக்காரம்மாங்க. கேஸ் ஷீட்டைப் பாத்தா சமையல் விபத்துன்னு இருக்கும். தூக்கம்ங்கிற வார்த்தையே இருக்காது."

"பட்டை வந்த பொறவு விபத்து பாதியாக் கொறஞ்சுபோச்சுன்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்குதுங்களே, டாக்டரம்மா."

"குறையலைங்க. ரோட்டுல இருந்து அடுப்படிக்கு இடம் மாறியிருக்கு. ரோட்டுல நடந்தா போலீஸ் வரும், பேப்பர்ல வரும். அடுப்படில நடந்தா அந்தம்மாவோட கவனக்குறைவுன்னு போயிடும்."

"சோதிச்சுப் பாத்துத்தானுங்க வித்தாங்க."

"யார்மேல சோதிச்சாங்கன்னு நானும் தேடிப் படிச்சேன். எல்லாம் காலேஜ் படிக்கிற பசங்க. தூக்கத்தைக் கொடுத்து முடிச்சதும் அங்கயே குளுகுளுன்னு இன்னொரு தூக்கம் போட்டாங்க. எழுந்தா சாப்பாடு கைக்கு வந்துச்சு. ஒரு பாதிப்பும் இல்லைன்னு எழுதிட்டாங்க. எழுந்ததும் உலை வைக்கிற ஆள் ஒருத்தரைக்கூடக் கூப்பிட்டுப் பாக்கல."

"முன்னெல்லாம் ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவருங்க," என்றான் நல்லசிவம், யாரோ குற்றம் சாட்டிவிட்டதுபோல. "மாத்தி மாத்தி ஓட்டுவோம், மாத்தி மாத்தித் தூங்குவோம். பட்டை வந்ததும் மொதலாளிங்க ரெண்டாவது ஆளை நிறுத்திட்டாங்க. நாங்க என்ன பண்றதுங்க?"

"நிறுத்தல. அந்த ரெண்டாவது ஆள் இப்ப உங்க வீட்டுல இருக்காங்க." டாக்டர் பேனாவை எடுத்தார். "வேற யார் பட்டை கட்றாங்க உங்க குடும்பத்துல?"

"பொண்ணு கோகிலாவுங்க. மாப்பிள்ளை தீபனும் இதே லைன்தான் ஓட்டறாரு. கல்யாணத்துல சீரோட சீரா ஒரு ஜோடிப் பட்டை நாங்கதான் வாங்கிக் குடுத்தோம்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார். கட்டில், பீரோ, பித்தளை அண்டாவோடு அந்தப் பட்டையையும் தாம்பாளத்தில் வைத்து மாப்பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போனது நல்லசிவத்துக்கு ஞாபகம் வந்தது. நல்ல கம்பெனிப் பட்டையா என்று இரண்டு கடை ஏறி விசாரித்து வாங்கியிருந்தான்.

"இங்க பாருங்க," என்றார் டாக்டர். "தொடைத் தோலை எடுத்துக் கையில ஒட்டியிருக்கோம். அது பிடிக்கணும். உடம்பு தன்னைச் சரிபண்ணிக்கிறது தூக்கத்துலதான். இவங்க உடம்புல தூக்கமே மிச்சமில்ல. வலியில இனிமேலும் தூங்கமாட்டாங்க. தோல் பிடிக்கலைன்னா சீழ் வைக்கும். அப்புறம் கையையே எடுக்க வேண்டியிருக்கும்."

நல்லசிவம் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "அதைத் திருப்பிக் கட்டலாமுங்களா? நான் தூங்கி அவளுக்குக் குடுக்கற மாதிரி?"

"பட்டைக்கு ஆம்பளை பொம்பளை வித்தியாசம் தெரியாது. நமக்குத்தான் தெரியும்," என்றார் டாக்டர். பிறகு கொஞ்சம் மெதுவாக, "இந்த வார்டுல இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்" என்றார். பாராட்டாகச் சொன்னாரா என்று அவனுக்குத் தெரியவில்லை. பாராட்டாக இருந்தால் அதைவிடக் கேவலம் என்று தோன்றியது.

வசந்தாமணியை வீட்டுக்குக் கூட்டிவந்தான். முதலாளியிடம் லீவு சொன்னான். அவள் நெற்றியில் ஒரு பட்டை, தன் நெற்றியில் ஒரு பட்டை. வாங்குகிற பட்டையில் நீல விளக்கு எரியும், கொடுக்கிற பட்டையில் பச்சை விளக்கு எரியும். எட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் பட்டையில் பச்சையைப் பார்த்தான். கேட்டில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் படுத்தான். ஆம்பளை படுக்கத் துணி கட்டியிருக்கிறான் என்று எதிர்வீட்டில் சிரித்தார்கள்.

நன்றாகத்தான் தூங்கினான். கனவுகூட வந்தது. எழுந்தபோது கண்ணுக்குள் மணல் கிடந்தது. கை கால் வேறு யாருடையதோ மாதிரி கனத்தது. அரிசியைக் களைந்து, தண்ணீர் விடாமல் குக்கரை மூடினான். பால்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தான். மாத்திரை எடுக்க அலமாரியைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் நின்றான். ஒரே ஒரு நாள் கொடுத்ததற்கு இந்த நிலை.

"பழகிப்போயிருமுங்க," என்றாள் வசந்தாமணி கட்டிலிலிருந்து.

ஆறுதலாகத்தான் சொன்னாள். அவளுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. அதனால்தான் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சமையலறைக்குப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றான்.

நாலைந்து நாளில் அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போய் டிக்கெட் கிடைக்காமல் திரும்பிய கதையைச் சொல்லிச் சிரித்தாள். "என்னமோ தலைக்குள்ள இருந்த பஞ்சு மூட்டைய எடுத்துப்போட்ட மாதிரி இருக்குதுங்க," என்றாள். இத்தனை நாள் அவளுக்குக் கொஞ்சம் மந்தம், எதைச் சொன்னாலும் மறந்துவிடுவாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். சொந்தக்காரர்களிடம் அப்படிச் சொல்லியும் இருக்கிறான். அந்த மறதியைத் தான்தான் செய்தோம் என்பது இப்போது தெரிந்தது. ஆனாலும் அவள் சிரிப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கை மட்டும் பிழைத்துக்கொண்டால் போதும் என்று வேண்டிக்கொண்டான்.

ஒரு வாரம் போவதற்குள் அந்த வெளிச்சம் மங்கியது, கையும் தேறவில்லை. கட்டுப் பிரித்த அன்று டாக்டர் முகம் மாறியது.

"ஓரமெல்லாம் சீழ். தோல் பிடிக்கவே இல்லை. நிஜமா தூக்கம் கொடுக்கறீங்களா?"

"ஒரு நாள் விடாமக் குடுக்கறேனுங்க."

டாக்டர் அவன் கண்ணைப் பார்த்தார். அந்தக் கண்ணுக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. "நீங்க கொடுக்கறீங்க, தெரியுது. ஆனா இவங்க உடம்புல அது தங்கல. எங்கதான் போகுது?" வசந்தாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அடுத்த வாரமும் இப்படியே இருந்தா கையைப் பத்தி முடிவெடுத்தாகணும்."

மறுநாள் முற்பகலில் மருந்து வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பியவன், சீட்டை வீட்டிலேயே மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினான். தூக்கம் கொடுக்கிறவனுக்கு இப்படித்தான் எல்லாம் இரண்டு நடையாகிறது. கேட்டில் சிவப்புத் துணி இல்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே வசந்தாமணி வெந்த கையைத் தலையணைமேல் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பட்டை இருந்தது. அதில் பச்சை விளக்கு எரிந்தது.

பக்கத்தில் கிடந்த போனில் பட்டையின் செயலி திறந்திருந்தது. வாங்குகிறவர் என்ற இடத்தில் ஆள் மாறி, கோகிலாவின் பெயர் இருந்தது.

அவன் நிற்பது தெரிந்தோ என்னவோ அவள் விழித்துக்கொண்டாள். பட்டையை மறைக்கவில்லை.

"ஏம்புள்ள, உன்ற கை போயிருமின்னு டாக்டரம்மா சொன்னது காதுல விழலியா?"

"விழுந்துச்சுங்க."

"பொறவு?"

"கோகிலா ஏழு மாசமுங்க. போன வாரத்துல இருந்து நின்னா மயக்கம் வருது, பிரஷர் ஏறிக் கிடக்குது. அந்த ஒடம்பை வெச்சுக்கிட்டு மாப்பிள்ளைக்குத் தூங்கிக் குடுத்துட்டு இருக்கறா. நான் அவளுக்குக் குடுக்கறேன். நீங்க எனக்குக் குடுக்கறீங்க. இதுல எதை நிறுத்தறதுன்னு நீங்களே சொல்லுங்க."

"அவளுக்கு நீ குடுக்கறது தெரியுமா?"

"அப்பாதான் எனக்குத் தர்றாங்களே, எங்கிட்ட மிச்சம் கெடக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

"உன்ற கை, புள்ள."

"ஒரு கைதானுங்க. அங்க ரெண்டு உசுரு."

நல்லசிவம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். போன வாரத்திலிருந்து தெருவே சிரிக்கத் துணி கட்டிப் படுத்தது யாருக்காக என்று இப்போது விளங்கியது. அவன் தூக்கம் அவளிடம் வந்து, அவளிடமிருந்து மகளுக்குப் போய், மகளிடமிருந்து தீபனுக்குப் போயிருக்கிறது. எந்தப் பக்கம் ஊற்றினாலும் கடைசியில் ஸ்டீயரிங்குக்கே போய்ச் சேருகிறது. நடுவில் இரண்டு பெண்கள் வெறும் குழாயாக இருந்திருக்கிறார்கள்.

கோபம் வந்தது. கோபப்பட ஓர் ஆள் கிடைத்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது. வெளியே வந்து தீபனுக்குப் போன் போட்டான்.

"சொல்லுங்க மாமா. நாக்பூரைத் தொடப் போறேனுங்க. அத்தை கை எப்படிங்க இருக்குது?"

"உங்களுக்கு எப்படி இருக்குது, மாப்பிள்ளை?"

"எனக்கென்னங்க, நெம்ப ஃப்ரெஷ்ஷா இருக்கறேன். நேத்துல இருந்து கண்ணே அசரலீங்க."

"கோகிலாவுக்கு முடியலியாமே."

"அப்படிங்களா? ஒரு சிரமமும் இல்லீன்னு அவளேதான் சொன்னாளுங்க. நான் வேண்டாம்னுகூடச் சொன்னேன், கேக்கலீங்க."

திட்டத்தான் போன் போட்டிருந்தான், ஆனால் தீபன் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் நல்லசிவம் சொன்னதுதான். அவளேதான் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. எட்டு வருஷமாக டீக்கடைகளில், சங்கத்தில், கேட்கிற எல்லோரிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கேயும் யாரும் மறுத்துப் பேசியதில்லை, எல்லோருக்கும் அது தேவைப்பட்டது.

"பட்டையைக் கழட்டிருங்க, மாப்பிள்ளை."

"கழட்டுனா வண்டி எப்படிங்க மாமா? நாக்பூர்ல எறக்கிட்டு, ஆரஞ்சு ஏத்திக்கிட்டு நிக்காம வரோணும். ஒத்தை ஆளு. தூங்கிட்டேன்னா?" அவன் குரலில் திமிர் இல்லை, பயம்தான் இருந்தது. நல்லசிவத்துக்கு அந்தப் பயமும் தெரிந்ததுதான். பட்டைக்கு முந்தின காலத்தில், கண் சொருகிய ஒரு நொடியில் எதிரே வந்த பஸ்ஸின் முகப்பு வெளிச்சத்தை அவன் பார்த்திருக்கிறான்.

"நாக்பூர்ல சரக்கை எறக்கிட்டு அங்கயே நில்லுங்க. படுத்துத் தூங்குங்க, நீங்களே தூங்குங்க. நான் ரயிலேறி வாறேன்."

"எதுக்குங்க மாமா?"

"ரெண்டாவது ஆளா."

தீபனின் முதலாளி போனில் சிரித்தார். சும்மா வருகிற ஆளை எதற்குத் தடுக்கிறேன் என்றார். அடுத்த நடைக்கும் அதற்கடுத்த நடைக்கும் இரண்டு ஆள் இல்லாமல் வண்டி எடுக்கமாட்டோம் என்று நல்லசிவம் சொன்னபோது சிரிப்பு நின்றது. ஊருக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். சங்கத்தில் என்ன சொல்லப் போகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். பொன்னாடையைத் திருப்பிக் கேட்டாலும் கேட்பார்கள்.

கோகிலாவைத் தாய்வீட்டுக்கு வரவழைத்தான். வீட்டிலிருந்த மூன்று பட்டைகளையும் கழற்றி டாக்டர் பர்வீன் கையில் கொடுத்தான். "யார் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. முக்கியமா என்ற வீட்டுக்காரி கேட்டா," என்றான். டாக்டர் அவற்றை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். "நீங்க போயிட்டா அடுப்பு யாரு பாக்கறது? மறுபடியும் அவங்களா?" என்று கேட்டார். அது அவனுக்குத் தோன்றவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று தம்பி சென்னியப்பனுக்குப் போன் போட்டான். தம்பி உடனே தன் பெண்டாட்டியை அனுப்பிவைக்கிறேன் என்றான்.

"அவ வேண்டாம். நீ வா."

"எனக்குச் சமைக்கத் தெரியாதுங்ண்ணா."

"எனக்கும்தான் தெரியாது. வா."

நாக்பூரிலிருந்து ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு இரண்டு பேருமாகத் திரும்பினார்கள். ஆதிலாபாத் தாண்டியதும் தீபன் பின்னாலிருந்த பலகையில் ஏறிப் படுத்தான். படுத்தவுடன் குறட்டை. அவன் தூக்கத்தை அவனே தூங்குகிறான். நல்லசிவத்துக்குக் கண் எரிந்தது, இடுப்பு வலித்தது. இந்த வலியும் எரிச்சலும் தன்னுடையதாக இருப்பதில் கொஞ்சம் மரியாதை இருப்பதாக நினைத்துக்கொண்டான். பிறகு, இதில்கூடப் பெருமை தேடுகிறோமே என்று வெட்கப்பட்டான்.

வெயில் ஏறியதும் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி வீட்டுக்குப் பேசினான். கோகிலா எடுத்தாள்.

"டாக்டரம்மா நேத்து பாத்தாங்கப்பா. தோல் புடிக்க ஆரம்பிச்சிருக்குதாம். கையை எடுக்க வேண்டியதில்லியாம். ஆனா ரெண்டு விரல் மடங்காதுன்னு சொன்னாங்க."

"நீ எப்படிம்மணி இருக்கறே?"

"பரவால்லீங்கப்பா. சித்தப்பா சோறு குழைஞ்சுபோச்சு, ஆனாத் திங்கலாம்."

"அம்மாகிட்டக் குடு."

"அம்மா தூங்கறாங்கப்பா."

"யாருக்கு?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவன் காதிலேயே விழுந்தது. அந்தப் பக்கம் காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"யாருக்குமில்லீங்கப்பா," என்றாள். "சும்மா தூங்கறாங்க."

நல்லசிவம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எட்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாமல் இருந்தது.